பொழுதோட என்றால் எப்போது?

பெருந்துறைப் பக்கம் எங்கள் பழைய வீட்டு அட்டாலியில் அப்பச்சியின் (அம்மாவின் அப்பா) கணக்கு நோட்டு கிடைத்தது. பால் கணக்கு, தவிட்டு மூட்டைக் கணக்கு, நடுவே பென்சிலில் ஒரு வரி: "பொழுதோட ஒறம்பரை வந்தாங்க. பாலு கொறவு."

நான் சொற்பொருளில் ஆய்வு செய்கிறேன். கூடப் படிக்கும் மதுரைத் தோழி இதைப் பார்த்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள வந்துட்டாங்க போல" என்றாள். எங்கள் கொங்குப் பேச்சிலோ பொழுதோட என்றால் சாயங்காலம். ஒறம்பரை என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் சொந்தபந்தம், விருந்தாளி.

'எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே' என்கிறது தொல்காப்பியம். யாருக்குக் குறிக்கிறது என்பதுதான் என் தவிப்பு. ஒரு சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களை வைத்து அறியலாம் என்று ஆங்கிலேய மொழியியலாளர் ஃபிர்த் 1957-இல் எழுதினார். இன்றைக்குக் கணினிக்குச் சொற்பொருள் பழக்குவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நோட்டையே அப்படிப் படித்தோம். ஒவ்வொரு நாளும் 'வெடியால' (விடிகாலை) என்று ஒரு கறவை அளவு, அதன் கீழே 'பொழுதோட' என்று இன்னொன்று. பக்கத்துக்குப் பக்கம் இதே ஜோடி. தோழியே விரல் வைத்துக் காட்டினாள்: "அப்ப இது சாயங்காலக் கறவைதான்!" எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த ஒற்றை வரி மட்டும் கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது.

அன்றைக்குப் பால் ஏன் குறைந்தது என்று அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) போனில் கேட்டேன். "கன்னுக்குட்டி முட்டிக் குடிச்சிருக்கும் கண்ணு" என்றார்.