படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

எதிர் வீட்டில் புது 55 இன்ச் டிவி. படம் ஓடுகிறது, ஹீரோ நடந்து வருவதோ சீரியல் காட்சி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது.

டிவியில் கோளாறு இல்லை.

சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். டிவி திரை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, கேமரா எடுக்கவே எடுக்காத ஃபிரேம்களை டிவியின் சிப் தானே உருவாக்கிச் செருகுகிறது. அந்த வழுவழுப்பு இதனால்தான். சண்டைக் காட்சியில் அதன் கணக்கு தப்பும்போது, வீசும் கையின் ஓரம் கலங்கித் தெரியும்.

அந்த 24 ஃபிரேம் அசைவு ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை டிவி மாற்றக் கூடாது.

பிக்சர் செட்டிங்ஸில் போய் இந்த வசதியை அணையுங்கள். கம்பெனிக்கு ஒரு பெயர்: சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பல டிவிகளில் இது ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி. செட்டாப் பாக்ஸுக்கு அணைத்தாலும் ஓடிடி ஆப்பில் அப்படியே இருக்கும், அங்கேயும் பாருங்கள்.

2019-ல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதுவே போதும், அது இந்தச் செருகலை அணைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், இரவில் அருமை.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் முழுக்க அணைத்தால், கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விட்டுவிட்டு நகர்வது அதிகமாகத் தெரியலாம். அங்கே அந்தத் திணறலைக் குறைக்கும் டீ-ஜட்டர் என்ற அளவு இருந்தால், 2 அல்லது 3-ல் வையுங்கள்.

கிரிக்கெட்டுக்கு ஆனில் இருந்தால் பரவாயில்லை. கேமுக்கு கட்டாயம் கேம் மோட். நடு ஃபிரேமை உருவாக்க டிவி அடுத்த ஃபிரேம் வரும்வரை காத்திருக்கும், அதனால் பட்டனை அழுத்திய பிறகு திரை தாமதமாகத்தான் அசையும்.