ஐந்தாவது குரோமோசோமின் நுனி

ஜூன் 6
எடை ஏறவில்லை என்றுதான் பாப்பாவைப் பாளையங்கோட்டைக்குத் தூக்கிப் போனோம். அவள் அழுததைக் கேட்டதும் டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "பிறந்ததுல இருந்தே இந்தக் குரலா?" ஆமாம். கீச்சென்று பூனைக்குட்டி போல. ஆச்சி தொண்டைக்கட்டு என்று கோரோசனை உரைத்துக் கொண்டிருந்தாள். தலைச்சுற்றளவை இரண்டு தடவை அளந்தார். கையைப் பிடித்து எழுப்பினால் தலை பின்னால் தொங்குகிறது. குரோமோசோம்களை எண்ணி, உருவம் பார்க்கும் கேரியோடைப் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 7
பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். "ஐஸ்ல உறைஞ்சா செல் செத்துரும் அண்ணாச்சி, இது உயிரோட போகணும்" என்றார் லேப் தம்பி. சென்னைக்குப் போகிறதாம். வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் மருந்து விட்டு நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாகத் தெரியும். அந்த மருந்து கோல்சிசின் வகை. நம்மூர் வேலியில் பூக்கிற செங்காந்தளில் இருக்கிற அதே விஷம்! இந்தக் கவலைக்கு நடுவிலும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 27
ரிப்போர்ட் வந்துவிட்டது. 46,எக்ஸ்எக்ஸ்,டெல்(5)(பி14). எண்ணிக்கை சரி, பெண் பிள்ளை, ஐந்தாவது ஜோடியில் ஒன்றின் குட்டைக் கையில் நுனி இல்லை. படத்தில் டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவ்வளவுதான் வித்தியாசம், அதற்குள் எத்தனை ஜீன். க்ரி து ஷா சிண்ட்ரோமாம், பிரெஞ்சில் 'பூனையின் அழுகை'. 1963-இல் பாரிஸில் லெஜூன் என்ற மருத்துவர் விவரித்த நோய். டவுன் சிண்ட்ரோமில் கூடுதல் குரோமோசோம் இருப்பதை 1959-இல் வெளியிட்ட அதே ஆள். குரல்வளை வளர்ச்சிக் கோளாறுதான் அழுகைக்குக் காரணம், வயது ஏற ஏறக் குரல் மாறிவிடுமாம். நடப்பதும் பேசுவதும் தாமதமாகும். எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்றார்.

ஜூன் 28
வீட்டில் ரணகளம். மாமா மகளைக் கட்டியதால்தான் என்று அக்கம்பக்கத்தில் ஆரம்பித்து, இப்போது அம்மாவே தன் அண்ணன் வீட்டுப் பக்கம் கையை நீட்டுகிறாள். இவள் வாயே திறக்கவில்லை.

ஜூலை 1
டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு வகை நோய்: இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான ஜீன் பிள்ளையிடம் இரட்டையாகச் சேர்வது. இது அப்படியில்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தானாக முறிவது. அதிலும் தகப்பன் பக்கத்துக் குரோமோசோமில்தான் அதிகமாம். ஆனால் சில வீடுகளில் பெற்றோர் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டு இடம் மாறி ஒட்டியிருக்கும். மொத்தத்தில் ஒன்றும் குறையாததால் அவருக்கு நோய் கிடையாது, பிள்ளைக்கு வரலாம். அதனால் நீங்க ரெண்டு பேரும் ரத்தம் கொடுக்கணும் என்றார். விலை கூடிய மைக்ரோஅரே டெஸ்ட் போதாதா என்றதற்கு, அது கூடக் குறைய இருப்பதைத்தான் காட்டும், இடம் மாறியதைக் காட்டாது என்றார்.

ஜூலை 2
"ஆம்பளைக்கு எதுக்குல டெஸ்ட்? அவளுக்கு எடுத்தா போதாதா?" என்றாள் அம்மா. நான்தான் முதலில் கையை நீட்டினேன்.

ஜூலை 24
இருவருக்கும் நார்மல். அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, பூஜ்யம் என்று சொல்ல முடியாது; கர்ப்பத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரிப்போர்ட்டை மாமா முன்னாலேயே அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ யார் மேலயும் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மாமா ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தார். "அத்தான், பிசியோதெரபி திங்கக்கிழமையா செவ்வாயா?" என்றாள் இவள். திங்கள். பால் புரையேறாமல் கொடுக்கவும் அங்கேயே சொல்லித் தருகிறார்களாம்.