கிளம்பும் முன் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை யாரிடம் ஒப்படைப்பது?

தரவை உடனுக்குடன் கொண்டுசேர்க்கும் ரியல்டைம் பைப்லைன் கட்டித்தரச் சொல்லி வரும் ஒப்பந்த வேலைகளில் ஒரே அமைப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை டெபீசியம் என்ற கருவி படித்து, செய்திகளை வரிசையாக வைத்திருக்கும் காஃப்காவில் போடும். அங்கிருந்து அவை ரிப்போர்ட்டுகளுக்கான தரவுக் கிடங்கான வேர்ஹவுஸுக்குப் போகும். இதில் முதலில் கவனிக்க வேண்டியது காஃப்காவை அல்ல, ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை.

போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'வால்' (WAL) என்ற பதிவேட்டில் எழுதும். டெபீசியம் இன்னும் படிக்காத வால் பதிவுகளை அது அழிக்காமல் வைத்திருக்கும். அதற்குத்தான் ஸ்லாட். வெள்ளி மாலை 6 மணிக்கு கனெக்டர் (டெபீசியத்தில் வாலைப் படிக்கும் பகுதி) நின்றுவிட்டது, மணிக்கு 2 ஜிபி வால் எழுதப்படுகிறது, டிஸ்க்கில் 100 ஜிபி காலி என்று வையுங்கள். ஞாயிறு இரவு 8 மணிக்கு டிஸ்க் நிரம்பிவிடும். அப்போது நிற்பது ரிப்போர்ட் மட்டுமல்ல, வாடிக்கையாளரின் கடையே.

ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு வாலை வைத்திருக்கலாம் என்பதற்கு போஸ்ட்கிரஸ் 13 முதல் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. காலி இடத்தில் பாதியை வரம்பாக வைப்பேன். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், ஸ்னாப்ஷாட்டை, அதாவது டேபிள்களின் முழு நகலை, மறுபடி எடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் நேரடிப் பயன்பாட்டு டேட்டாபேஸ் விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கனெக்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் வால் குவியலாம். ஒரே சர்வரில் வேறொரு டேட்டாபேஸ் பரபரப்பாக எழுதிக்கொண்டிருக்க, நாம் படிப்பது சும்மா கிடந்தால் ஸ்லாட் நகராது. நாம் படிக்கும் டேட்டாபேஸில் ஒரு சிறிய ஹார்ட்பீட் (இதயத்துடிப்பு) டேபிளை உருவாக்கி, 10 விநாடிக்கு ஒருமுறை அதில் எழுதும்படி கனெக்டரில் ஹார்ட்பீட் ஆக்‌ஷன் குவெரியைக் கொடுங்கள்.

டெபீசியம் படிப்பதற்காக போஸ்ட்கிரஸின் 'வால் லெவல்' அமைப்பை 'லாஜிக்கல்' என்று மாற்ற சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கான நேரத்தை வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒப்பந்த நாட்கள் காத்திருப்பிலேயே கரையும். 'ரியல்டைம்' என்பதையும் விநாடிக் கணக்கில் எழுதி வாங்குங்கள். 5 விநாடிக்கும் 5 நிமிடத்துக்கும் வேலையும் செலவும் வேறு.

வேர்ஹவுஸ் பக்கம் ஒரே நிகழ்வு இரண்டு முறை வரும் என்றே எழுதுங்கள். பிரைமரி கீயை வைத்து அப்சர்ட் செய்தால் (வரி இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்) மட்டும் போதாது. வாலில் ஒரு மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எல்எஸ்என் எண்ணையும் ஒப்பிட்டால்தான் பழைய வரி புதியதன் மேல் ஏறாது. இன்னொரு பொறி, டோஸ்ட் (பெரிய மதிப்புகளை போஸ்ட்கிரஸ் தனியாக வைக்கும் இடம்) பகுதியில் கிடக்கும் நீளமான நெடுவரிசைகள் (column). அவை மாறாத அப்டேட்டில் உண்மையான மதிப்பு வராது, 'அன்அவைலபிள் வேல்யூ' என்ற நிரப்புச் சொல்தான் வரும். அதை அப்படியே எழுதினால் நல்ல தரவு அழிந்துபோகும். பழைய வரியில் எவ்வளவு வாலில் எழுதப்படும் என்பதைத் தீர்மானிக்கும் ரெப்ளிகா ஐடென்டிட்டியை 'ஃபுல்' ஆக்கினால் தீரும், ஆனால் வால் பெருகும். ஆகவே அந்த டேபிளுக்கு மட்டும் செய்யுங்கள்.

வேலை முடிந்து கனெக்டரை அழித்தாலும் ஸ்லாட் தானாக அழியாது. இயல்பு அமைப்பு அப்படித்தான். சோதனைக்கு உருவாக்கியவற்றை 'பிஜி ட்ராப் ரெப்ளிகேஷன் ஸ்லாட்' மூலம் நீக்குங்கள். மீதமுள்ள ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் பொறுப்பாளரின் பெயர், எத்தனை ஜிபி தேங்கினால் அலாரம் அடிக்க வேண்டும், அடித்தால் முதலில் எந்தக் கட்டளை என்ற மூன்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி, அந்தப் பொறுப்பாளரை உட்காரவைத்து கனெக்டரை ஒருமுறை நிறுத்தி ஓட்டிக் காட்டுங்கள்.