இட்லிப்பூவின் வெளுத்த கொழுந்துகள்

காரைக்குடிக்கு அருகே எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டி, ஐம்பது சதவீத நிழல்வலை போட்ட குடிலில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். சென்ற கோடையில் இட்லிப்பூவின் கொழுந்துகள் ஒவ்வொன்றாக வெளுக்கத் தொடங்கின. நரம்புகள் மட்டும் பச்சை நூல்வலையாக நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும், மிக இளைய இலைகளில் ஏறத்தாழ வெண்மையாகவும் மாறியிருந்தது. அடியிலிருந்த முதிர்ந்த இலைகளோ கரும்பச்சை குன்றாமல் இருந்தன.

"ஆச்சி, செடி பசியாக் கெடக்கு, உரத்தக் கொஞ்சம் கூட்டி ஊத்துவமா?" என்று தோட்டவேலை பார்க்கும் பெரியவர் கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 சதவீதம் உள்ள 19:19:19 கரையும் உரத்தை, லிட்டருக்கு 1 கிராமிலிருந்து 2 கிராமாக்கினோம். இரண்டு வாரத்தில் முதிர்ந்த இலைகளின் நுனியும் கருகியது. தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்தது. கொழுந்து மட்டும் பச்சை ஏறவில்லை. 1 கிராமே லிட்டருக்கு 190 மில்லிகிராம் தழைச்சத்தை (நைட்ரஜனை) தந்துவிடும் என்பதால், இரட்டித்த அளவு வேரைச் சுடுவதற்குப் போதுமானதாக இருந்தது.

விடை முதலிலிருந்தே இலையில்தான் இருந்தது. தழைச்சத்தும் மக்னீசியமும் குறைந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும்; ஆகவே மஞ்சள் அடியிலிருந்து தொடங்கும். இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். ஆனால் எங்கள் தொட்டிகளில் இரும்புக்குப் பஞ்சமில்லை. காரம் மிகுந்த ஊடகத்தில் அது வேருக்கு எட்டாத வடிவில் இருந்தது. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி, தொட்டியின் அடியில் வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்துக் கருவியை வைத்தபோது கார அமில நிலை (pH) 7.8 காட்டியது. இட்லிப்பூவுக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்திருந்த பைகார்பனேட், நாள்தோறும் ஊற்ற ஊற்ற, தொட்டிகளில் நிரப்பிய தென்னை நார்க்கழிவின் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் வெறும் நீரை நிறைய விட்டு, தேங்கிய உப்பை வடித்தோம். உடனடி ஆறுதலுக்காக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) சிறிது சிட்ரிக் அமிலத்துடன் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளித்தோம். வேர்வழி கொடுக்க இரும்புக் கிலேட், அதாவது இரும்பை வேர் எடுத்துக்கொள்ளும் வடிவில் பிடித்துவைத்திருக்கும் சேர்மம், வாங்குபவர்கள் அதன் வகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை, கார அமில நிலை 6.5-ஐத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். காரம் மிகுந்த ஊடகத்தில் தாக்குப்பிடிப்பது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான்.

இவையெல்லாம் நோயின் மேற்பூச்சே என்பதால், தண்ணீரைத் திருத்தும் வேலையைத் தொடங்கினோம். எங்கள் பகுதி வீடுகளில் வளவின் ஓட்டுச்சரிவிலிருந்து இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடிப்பது பழைய வழக்கம். நானும் ஆவணி மழையை நீர்த்தொட்டியில் சேர்த்து, கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலந்தேன். மீதமுள்ள பைகார்பனேட்டுக்குப் பாஸ்பாரிக் அமிலம் சிறிதளவு சேர்க்கிறேன். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும். நீரை அமிலத்தில் விடக்கூடாது. அந்த அமிலத்திலேயே மணிச்சத்து (பாஸ்பரஸ்) வந்துவிடுவதால் உரத்தில் அதைக் குறைத்தேன். மணிச்சத்து மிஞ்சினால் அதுவே இரும்பைக் கட்டிப்போடும்.

குருணை வடிவில் வரும் மெதுவாகக் கரையும் உரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேலுறை வெப்பம் கூடக்கூட விரைவாகச் சத்தை வெளிவிடும். உரப்பையில் அச்சிட்டிருக்கும் மாதக்கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சித்திரை வெயிலில் நம் குடிலுக்குள் அந்தக் கணக்கு நிற்காது. ஆகவே கோடையில் பாதியளவே இடுகிறேன்.

புரட்டாசியில் விரிந்த இலைகள் முழுப் பச்சையாக வந்தன. கருகிய நுனிகள் திரும்பவில்லை. அந்த இலைகளைக் கவாத்து செய்துவிட்டோம். இப்போது பெரியவர் உரவாளியைத் தொடுவதற்கு முன்பே வடிநீர்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் முன் வைத்துவிடுகிறார்.