அம்மாவின் மூச்சு வாங்கல்

71 வயது அம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் சொன்னோம், பார்த்த டாக்டரும் சொன்னார், ஒரு வருடம் அப்படியே போய்விட்டது. பிரஷர் எப்போது பார்த்தாலும் சரியாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் வீங்கிய காலில் பள்ளமாக நின்றது, பயந்துபோய் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். நுரையீரலுக்குப் போகும் தமனியில் அழுத்தமாம். கையில் கட்டிப் பார்க்கும் பிரஷரில் அது தெரியவே தெரியாது. இதயத்தின் வலப்பக்கம் குழாய் விட்டு அளந்துதான் உறுதி செய்தார்கள், அந்தத் தமனியில் சராசரி அழுத்தம் 20 mmHg-ஐத் தாண்டினாலே அதிகம், அம்மாவுக்கு 44.

வீட்டுப் பெரியவர்கள் படியில் நின்று நின்று ஏறினால் வயசு மேல் பழி போடாதீர்கள், தயவுசெய்து. அம்மாவுக்கு அந்த அழுத்தத்தைக் குறைக்க சில்டெனாஃபில் என்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அதைச் சேர்க்கவே கூடாது. நேற்று பூஜையறை வரை நிற்காமல் நடந்தார்.