ரயிலோடு வந்த சபை

கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் நேரே மாலுக்குள் போய்விடுகிறார்கள். அந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் ரயில்வே யார்டு. பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை ஒரே ஆண்டில் துடைத்துப் போட்டன. அதன் பிறகு செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் வீடு கட்ட வேண்டும் என்றார் பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம். அந்தச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த பேட்டை இது. பினாங்கிலிருந்து நான் வந்தது இங்கிருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபையைப் பார்க்க. மெதடிஸ்ட் என்பது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு.

முதலில் பெட்டாலிங் குன்றுக்குப் போனேன். 1897இல் தொடங்கிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும், வெஸ்லி ஆலயமும் அங்கேதான் இருக்கின்றன. இப்போது அவற்றுக்கு மேலே மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. ஆலயத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டியதில்லை என்பதே எனக்குப் பிடித்திருந்தது. சரி, என் மனம் பிரிக்பீல்ட்சில்தான் இருந்தது.

மலாயாவுக்கு மெதடிஸ்ட் ஊழியம் இந்தியா வழியாக வந்தது. 1885இல் சிங்கப்பூரில் வந்து இறங்கிய மிஷனரி ஓல்டம், பெங்களூரில் பிறந்தவர். அவருடைய சபை அமெரிக்கச் சபை. ஆனால் இங்கே வந்த யாழ்ப்பாணத்தாரில் பலருக்கு மெதடிஸ்ட் வழிபாடு ஏற்கெனவே பழக்கம். இங்கிலாந்து மெதடிஸ்ட்களான வெஸ்லியன் மிஷனரிகள் 1814லேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி எல்லாம் அவர்கள் வைத்த பள்ளிகள். அங்கே ஆங்கிலம் படித்த பிள்ளைகளை மலாயா ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் கணக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர, தமிழில் ஆராதனை வேண்டும் என்ற தேவை தானாக வந்தது. 1899இல் யாழ்ப்பாணத்துப் போதகர் சாமுவேல் ஆபிரகாம் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் ஊழியத்தை ஏற்றார்.

பிரிக்பீல்ட்ஸ் சபையில் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நீங்க பினாங்கா தம்பி? எங்க அப்பா பட்டர்வொர்த்லதான் டிக்கெட் கலெக்டரா இருந்தாரு" என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மெல்லிய தாளில் டைப் அடித்த கடிதம். இன்னார் எங்கள் சபையின் நல்ல அங்கத்தினர், குடும்பத்தோடு மாற்றலாகி வருகிறார், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்றே வரி. மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டி, அதுவும் பழுத்துப்போயிருந்தது. ஊதா முத்திரையில் பாதி எழுத்துதான் தெரிந்தது.

எனக்கு மெய்சிலிர்த்தது. மெதடிஸ்ட் சபையில் போதகருக்கு நிரந்தர ஊர் கிடையாது. ஆண்டு மகாநாட்டில் பிஷப் பெயரை வாசித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரயில்வேக்காரர் பிழைப்பும் அப்படியே. மேய்ப்பருக்கும் மாற்றல், மந்தைக்கும் மாற்றல். இப்படி இருந்தும் ஒரு சபை நூறு ஆண்டுகளுக்கு மேல் கலையாமல் நிற்கிறதென்றால், அதற்கு இந்த மூன்று வரிக் கடிதங்கள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். பிரிக்பீல்ட்சை விட்டால் செந்தூல், கிள்ளான், சிரம்பான், ஈப்போ, தைப்பிங். தமிழ் மெதடிஸ்ட் சபைகள் இருக்கும் ஊர்களைச் சொல்லிப் பாருங்கள், பாதி ரயில் நிலையப் பட்டியல் வந்துவிடும்.

பிரிக்பீல்ட்சில் இன்னொரு தமிழ்ச் சபையும் உண்டு, லூத்தரன்களின் சீயோன் ஆலயம். 1924இல் கட்டியது. இலங்கைச் சைவர்களின் கந்தசுவாமி கோயில் கொஞ்ச தூரத்தில் ஸ்காட் சாலையில் இருக்கிறது. ஞாயிறு காலை நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கட்டடத்தின் வயதை வைத்துச் சபையின் வயதைக் கணக்கிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூரை மாறும், சுவர் இடிபடும். ரயில்வே ஊழியர்களின் பழைய குடியிருப்பான நூறு வீடுகளே இன்று இல்லை. அங்கே ஜெபக்கூட்டம் நடத்திய குடும்பங்கள் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் இருந்து இன்றும் ஞாயிறுதோறும் காரெடுத்து வருகின்றன. சபையின் நிர்வாகம்கூடப் பல தடவை மாறியது: 1968இல் மலேசியா சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபை அமெரிக்காவிடமிருந்து தன்னாட்சி பெற்றது, 1976இல் இரு நாட்டுச் சபைகளும் பிரிந்தன. பெரியவருக்கு இதெல்லாம் தேதியோடு ஞாபகம் இல்லை. எந்தப் போதகர் காலத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஞாபகம் அவரோடு போய்விடக் கூடாது. உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டோ, சபை மாற்றக் கடிதமோ, ஆலயத்துக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோவோ இருக்கலாம். போனில் ஒரு படம் எடுத்து, பின்னால் இருக்கும் பெயர்களையும் கேட்டு எழுதி, உங்கள் சபைச் செயலாளரிடம் கொடுங்கள். பெரியவரின் கடிதத்தை அவர் அனுமதியோடு நான் அப்படித்தான் கொடுத்தேன். அடுத்த பயணம் செந்தூலுக்கு. அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த குடும்பங்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.