சவ்வுக் கேள்விகளில் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்

முடிவுகள் வெளியாகி, விரும்பிய இடம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு இதை எழுதுகிறேன். உயிர்வேதியியல் தாளுக்கு எப்படிப் படித்தீர்கள் என்று அடுத்த முறை எழுதவிருப்பவர்கள் கேட்டபோது, எல்லா அலகுகளையும் தொட்டுச் செல்வதைவிட, என்னைக் கரைசேர்த்த ஓர் அலகைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்வதே பயன்படும் என்று தோன்றியது. அது செல் சவ்வும் அதை ஆக்கும் கொழுப்புப் பொருள்களான லிப்பிட்டுகளும். தாளின் அமைப்பும் மதிப்பெண் பகிர்வும் உங்களுக்கு அத்துபடி என்பதால் அவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. பாஸ்போலிப்பிட்டின் தலை நீரை நாடும், வால் நீரை வெறுக்கும் என்ற அளவில் பாடத்தைத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான். சவ்வு பற்றிய எந்தக் கேள்வியிலும், கொடுக்கப்பட்ட விடைகளைப் படிப்பதற்கு முன்பாகவே, சோதனை நடந்த வெப்பநிலையையும் அந்த லிப்பிட்டின் நிலைமாற்ற வெப்பநிலையையும் தாளின் ஓரத்தில் அடுத்தடுத்து எழுதிவிடுங்கள். முன்னது பின்னதைவிடக் குறைவாக இருந்தால் வால்கள் நிமிர்ந்து, நெருங்கி, கூழ்ம நிலையில் உறைந்திருக்கின்றன. கூடுதலாக இருந்தால் அவை நெளிந்து புரளும் பாய்ம நிலையில் இருக்கின்றன. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், பாதிக்கு மேற்பட்ட விடைகளை உடனடியாக நீக்கிவிட முடிகிறது என்பது என் அனுபவம். மற்றவர்கள் வேறு வழிகளைச் சொல்லக்கூடும். இந்த அலகைப் பொறுத்தவரை இதற்கு இணையான வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இதற்கு அடித்தளம் கொழுப்பு அமிலங்களின் உருகுநிலை. பதினெட்டுக் கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதே நீளத்தில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு வந்து ஒலியிக் அமிலமானவுடன் உருகுநிலை 13 டிகிரிக்கு இறங்குகிறது. இரண்டாவது பிணைப்போடு லினோலியிக் அமிலமாகும்போது −5 டிகிரிக்குப் போய்விடுகிறது. நேரான குச்சிகளைக் கட்டாகக் கட்டுவது எளிது, வளைந்த குச்சிகள் கட்டுக்குள் அடங்கா என்பதைப் போல, சிஸ் பிணைப்பின் வளைவு அண்டை வால்களோடு நெருங்குவதைத் தடுத்து வான் டெர் வால்ஸ் ஈர்ப்பைக் குறைத்துவிடுகிறது. இங்கே தேர்வர்கள் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் எண் எலாய்டிக் அமிலத்தினுடையது. அதிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆனால் அது டிரான்ஸ் அமைப்பு என்பதால் வால் ஏறக்குறைய நேராகவே நிற்கிறது, உருகுநிலையும் சுமார் 45 டிகிரியில் இருக்கிறது. எனவே 'இரட்டைப் பிணைப்பு பாய்மத்தன்மையைக் கூட்டும்' என்று பொதுப்படையாகக் கூறும் விடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், சிஸ் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாலோடு நின்றுவிடாமல் தலையையும் பார்க்க வேண்டும். இரண்டு பால்மிடிக் வால்களும் கோலின் தலையும் கொண்ட பாஸ்போலிப்பிட்டான பாஸ்படிடைல்கோலினின் நிலைமாற்ற வெப்பநிலை 41 டிகிரி. அதே இரண்டு வால்களை வைத்துக்கொண்டு கோலினுக்குப் பதிலாக எத்தனாலமினைப் பொருத்தினால் அது 63 டிகிரியாக ஏறிவிடுகிறது. எத்தனாலமின் தலை சிறியது. பக்கத்துத் தலைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பும் அமைத்துக்கொள்ளும். அதனால் மூலக்கூறுகள் இன்னும் இறுக்கமாக அடுக்கப்படுகின்றன. வாலின் நீளம், வளைவு, தலையின் பருமன் ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதிவைத்து, ஒன்றை மட்டும் மாற்றினால் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததுதான் என் படிப்பின் பெரும்பகுதி.

கொலஸ்ட்ராலைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் கிடைக்கும் குறிப்பேடுகளில் சில அது பாய்மத்தன்மையைக் கூட்டும் என்கின்றன, சில குறைக்கும் என்கின்றன. இரண்டுமே வெப்பநிலையைச் சொல்லாமல் விட்டுவிடுவதால் படிப்பவரைக் குழப்பத்தில் தள்ளுகின்றன. அந்த மூலக்கூறை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள்: ஒரு முனையில் ஹைட்ராக்சில், நடுவில் வளையாத நான்கு வளையங்கள், மறுமுனையில் சிறிய ஹைட்ரோகார்பன் வால். ஹைட்ராக்சில் முனை லிப்பிட் தலைகளுக்கு அருகில் நின்றுகொள்ள, விறைப்பான வளையங்கள் வால்களின் மேற்பகுதியை ஒட்டிப் படிகின்றன. நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலே இந்த வளையங்கள் அண்டை வால்களின் நெளிவைக் கட்டுப்படுத்தி, சவ்வைத் தடிமனாக்கி, சிறு மூலக்கூறுகளின் கசிவைக் குறைக்கின்றன. அதற்குக் கீழே அதே வளையங்கள் வால்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதற்கு இடையூறாக நின்று உறைவதைத் தடுக்கின்றன. ஒரே மூலக்கூறு, ஒரே இடம், இரண்டு விளைவுகள். பிரிப்பது வெப்பநிலை மட்டுமே.

இதையே வரைபடமாகவும் கேட்பார்கள். சூடாக்கும்போது லிப்பிட் உறிஞ்சும் வெப்பத்தைக் காட்டும் வெப்ப அளவீட்டு வரைபடத்தில், மேலே சொன்ன பாஸ்படிடைல்கோலின் தூய நிலையில் இருந்தால் 41 டிகிரியில் கூரிய உச்சி ஒன்று இருக்கும். கொலஸ்ட்ராலின் விகிதம் ஏற ஏற அந்த உச்சி தாழ்ந்து, அகன்று, இறுதியில் மறைந்துவிடும். உச்சி இடப்பக்கமோ வலப்பக்கமோ பெரிதாக நகர்வதாகக் காட்டும் படங்களை ஒதுக்கிவிடலாம். கிடைப்பது கூழ்மமும் அல்லாத, முழுப் பாய்மமும் அல்லாத 'ஒழுங்குற்ற பாய்ம நிலை'. ஸ்ஃபிங்கோமையலின் என்ற சவ்வு லிப்பிட்டும் கொலஸ்ட்ராலும் செறிந்த லிப்பிட் தெப்பங்கள் என்ற கருத்தை 1997இல் சைமன்சும் இக்கோனனும் முன்வைத்தபோது அவர்கள் பேசியது இத்தகைய ஒழுங்கமைந்த பகுதிகளைப் பற்றித்தான் என்று இணைத்துப் படித்தால், இரண்டு தலைப்புகள் ஒன்றாகிவிடும்.

இந்த அலகிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேலினோமைசின், கிராமிசிடின் என்ற இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களைப் பற்றியது. இரண்டுமே சவ்வின் வழியாக அயனிகளைக் கடத்துகின்றன. செயற்கை ஈரடுக்கு (வால்கள் உள்ளே நோக்க இரண்டு அடுக்காக அமைந்த லிப்பிட் படலம்) ஒன்றில் இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்து, நிலைமாற்ற வெப்பநிலைக்குக் கீழே குளிர்வித்தால் என்ன நடக்கும்? வேலினோமைசின் பொட்டாசியத்தைச் சுமந்துகொண்டு சவ்வுக்குள் இங்குமங்கும் நகர வேண்டிய கடத்தி. லிப்பிட் உறைந்ததும் அது நகர முடியாமல் போக, கடத்துதிறன் சரிந்துவிடுகிறது. கிராமிசிடின் இரண்டு மூலக்கூறுகள் முனையோடு முனை சேர்ந்து உருவாக்கும் குழாய். குழாய் நகர வேண்டியதில்லை, ஆகவே உறைந்த சவ்விலும் அயனிகள் தொடர்ந்து பாய்கின்றன. கடத்தியா, குழாயா என்று வெப்பநிலையை வைத்தே கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையைப் புரிந்துகொண்டவருக்கு, பெயர் தெரியாத ஒரு பொருளைக் கொடுத்து வரைபடத்தைக் காட்டினாலும் தடுமாற்றம் இருக்காது.

நகர்வு பற்றிய கேள்விகளுக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும். 1970இல் ஃபிரையும் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் எதிர்ப்பொருள்களைப் பூசிப் பார்த்தபோது, 37 டிகிரியில் சுமார் 40 நிமிடங்களில் நிறங்கள் கலந்துவிட்டன. வெப்பநிலையைத் தாழ்த்தினால் கலப்பு தடைப்பட்டது; செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் உற்பத்தியைத் தடுத்தால் தடைப்படவில்லை. ஆற்றல் செலவின்றி, மூலக்கூறுகள் தாமாகவே பரவும் விரவலால் நடந்தது என்ற முடிவு இந்த இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகளிலிருந்துதான் வருகிறது. கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், நிறங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒளிரும் சவ்வின் ஒரு சிறு பகுதியை லேசரால் வெளுக்கச் செய்து, சுற்றிலுமிருந்து ஒளிரும் மூலக்கூறுகள் வந்து அங்கே ஒளிர்வு திரும்புவதை அளப்பது ஒளிர்வெளுப்புக்குப் பிந்தைய மீட்சி; அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வெளுப்பதற்கு முன் ஒளிர்வு 100, வெளுத்த உடனே 20, நெடுநேரம் கழித்து 60இல் நிலைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரக்கூடிய பங்கு 60 விழுக்காடு என்று ஒரு விடை காத்திருக்கும். ஆனால் இழந்த 80இல் மீண்டது 40 மட்டுமே என்பதால் சரியான விடை 50 விழுக்காடு. வளைவு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பது விரவல் வேகத்தையும், எங்கே நிலைபெறுகிறது என்பது நகரக்கூடிய பங்கையும் சொல்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. தொலைவைக் கணக்கிடச் சொன்னால், சராசரித் தொலைவின் வர்க்கம் விரவல் கெழுவையும் நேரத்தையும் பெருக்கியதன் நான்கு மடங்கு. கெழு நொடிக்கு 1 சதுர மைக்ரோமீட்டர் என்றால், ஒரு நொடியில் லிப்பிட் கடக்கும் தொலைவு 2 மைக்ரோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு பாக்டீரியாவின் நீளம்.

இதற்கு நேர்மாறாக, தூய ஈரடுக்கில் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குப் பாஸ்போலிப்பிட் புரள்வதற்குப் பல மணிநேரமோ நாட்களோ ஆகும், ஏனெனில் நீரை நாடும் தலை எண்ணெய்த் தன்மையுள்ள நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும். தலை சிறியதான கொலஸ்ட்ரால் இதற்கு விதிவிலக்கு. அது விரைவாகப் புரள்கிறது. அடுக்குகளின் சமச்சீரின்மையைப் பற்றிச் சுருக்கமாக இவ்வளவு போதும்:

– சிவப்பணுவின் வெளியடுக்கில் பாஸ்படிடைல்கோலினும் ஸ்ஃபிங்கோமையலினும் மிகுதி; உள்ளடுக்கில் பாஸ்படிடைல்எத்தனாலமினும் பாஸ்படிடைல்செரினும்.
– லிப்பிட்டைப் புரட்டும் புரதங்களில் ஃபிளிப்பேஸ் உள்நோக்கி, ஃபிளாப்பேஸ் வெளிநோக்கி. இரண்டுக்கும் ஏடிபி வேண்டும்.
– ஸ்கிராம்பிளேஸ் இருபுறமும் கலக்கிவிடும், ஏடிபி வேண்டாம், பல வகைகளைத் தூண்டுவது கால்சியம்.
– பாஸ்படிடைல்செரின் வெளியே தெரிந்தால் செல்லின் திட்டமிட்ட மரணம் அல்லது இரத்த உறைவு. கண்டுபிடிக்க, அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதமான அனெக்சின் ஐந்து.
– உடையாத செல்லின் மீது பாஸ்போலிப்பிட்டை வெட்டும் பாஸ்போலிபேஸ் நொதியைச் செலுத்தினால் வெளியடுக்கு மட்டுமே பாதிக்கப்படும்.

வரலாற்றுச் சோதனைகளில் கோர்ட்டர், கிரெண்டல் இருவரின் 1925ஆம் ஆண்டுச் சோதனையை மட்டும் ஆழமாகப் படியுங்கள். சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பியபோது, அதன் பரப்பு செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இருந்தது. ஆனால் அசிட்டோன் எல்லா லிப்பிட்டையும் வெளியே கொண்டுவரவில்லை. உலர்ந்த செல்களை அளந்ததால் செல் பரப்பும் குறைவாகவே கணக்கிடப்பட்டிருந்தது. இரண்டு குறைபாடுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் ஈரடுக்கு என்ற சரியான முடிவு கிடைத்தது. 'லிப்பிட் முழுமையாக எடுக்கப்பட்டு, பரப்பு மட்டும் தவறாக அளக்கப்பட்டிருந்தால் விகிதம் என்னவாகியிருக்கும்' என்பது போன்ற வினாக்களுக்கு விகிதத்தின் மேல்பகுதி எது, கீழ்ப்பகுதி எது என்று தெரிந்திருந்தால் போதும்: விகிதம் இரண்டைத் தாண்டும். லிப்பிட்டின் இருபுறமும் புரதம் பூசியிருப்பதாகச் சொன்ன டேவ்சன், டேனியெல்லி மாதிரி (1935), புரதங்கள் பாய்ம லிப்பிட்டுக்குள் பதிந்திருப்பதாகச் சொன்ன சிங்கர், நிக்கல்சன் மாதிரி (1972) ஆகியவற்றுக்கு ஒருமுறை வாசிப்பு போதுமானது. உறையவைத்த சவ்வைப் பிளந்து பார்க்கும் உறைவெட்டு நுண்ணோக்கியில் சவ்வின் நடுவே புரதத் துகள்கள் தெரிந்ததே முன்னதை வீழ்த்திய முக்கியச் சான்றுகளில் ஒன்று என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சவ்வைக் கடக்கும் புரதங்களுக்கு ஒரு பெருக்கல் தெரிந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆல்ஃபா சுருளில் ஓர் அமினோ அமிலம் 0.15 நானோமீட்டர் உயர்கிறது. நீர் வெறுக்கும் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். எனவே கடப்பதற்கு 20 அமினோ அமிலங்கள் வேண்டும். நீர்வெறுப்பு வரைபடத்தில் அந்த அகலத்திலுள்ள மேடுகளை எண்ணினால் புரதம் எத்தனை முறை சவ்வைக் கடக்கிறது என்று தெரியும். இழைகள் பீப்பாய் போலச் சுற்றி அமைந்த பீட்டா பீப்பாய்ப் புரதங்களில் ஒவ்வோர் இழையிலும் ஒன்றுவிட்டு ஓர் அமினோ அமிலம்தான் லிப்பிட்டைப் பார்க்கிறது என்பதால் இந்த எண்ணிக்கை அங்கே பலிக்காது. உப்புச் செறிவையோ அமிலக்காரத் தன்மையையோ மாற்றினால் விடுபடுவது புறப்புரதம். சோப்புப் போன்ற சவர்க்காரம் தேவைப்படுவது உட்புரதம்.

படிக்கும் முறையைப் பற்றி என் இயல்புக்கு ஏற்றதையே சொல்ல முடியும். நான் மெதுவாகப் படிப்பவர்; கூட்டமாக அமர்ந்து விவாதிப்பதும் அன்றாடம் நூற்றுக்கணக்கான கொள்குறி வினாக்களைத் தீர்ப்பதும் எனக்குப் பயன்படவில்லை. ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, என்ன மாற்றினார்கள், என்ன அளந்தார்கள், வெப்பநிலை என்ன என்று மூன்று வரிகளில் எழுதிவிட்டு, வெப்பநிலையை 10 டிகிரி குறைத்தால் முடிவு எப்படி மாறும் என்று நான்காவது வரியை நானே எழுதினேன். அந்த நான்காவது வரிதான் தேர்வில் கேள்வியாக வந்து நின்றது. வேகமாகப் படித்து மறவாமல் வைத்திருக்கும் ஆற்றல் உள்ளவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

கடைசியாக, வெப்பநிலையே கொடுக்காத கேள்விகள். பாலூட்டிச் செல் என்றால் 37 டிகிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவை வெப்பமான ஊடகத்திலிருந்து குளிர்ந்த ஊடகத்துக்கு மாற்றியதாகச் சொன்னால், கேட்கப்படுவது சவ்வின் தகவமைப்பு: ஈ. கோலை தன் வளர்ப்பு வெப்பநிலை குறையும்போது நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தைக் கூட்டி, பாய்மத்தன்மையை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது என்பதை 1974இல் சினென்ஸ்கி காட்டினார். இங்கே கேள்வி எந்த நேரத்தைக் குறிக்கிறது என்று பாருங்கள். மாற்றிய உடனே என்றால் சவ்வு இறுகியிருக்கும். பல தலைமுறைகள் வளர்ந்த பிறகு என்றால் பாய்மத்தன்மை பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும், கொழுப்பு அமிலப் பட்டியல் மட்டும் மாறியிருக்கும். இரண்டு விடைகளும் பக்கத்துப் பக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கும்.